வாசற் பூச்சாடிகளை இலைதின்னும் பூச்சிகளிலிருந்து காத்தல்

மாத்தளை மாவட்டத்தில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் வீடுகளில், வாசலிலே நாலைந்து பூச்சாடிகள் இல்லாத வீடு அரிது. ரோசா, செவ்வந்தி, செவ்வரத்தை, குரோட்டன் முதலியவை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கவனிப்பில் வளர்வன. இவற்றின் இலைகளில் துளை விழக் கண்டதும், தோட்டத்துக்குக் கரைத்த மருந்தில் எஞ்சியதைக் கொண்டுவந்து விசிறிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. குழந்தைகள் தவழ்வதும், நெல் உலர்த்துவதும், கோழி மேய்வதும் அவ்வாசலிலேயே. ஆதலால் இவ்வழக்கம் அறவே கைவிடப்பட வேண்டியதாகும்.

வயலுக்கென விற்கப்படும் மருந்து எத்துணைக் கொடியதாக இருக்கக்கூடும் என்பதை நம் நாட்டு அனுபவமே காட்டும். நஞ்சுண்டு இறந்தோர் தொகை பெருகியமையால் மொனோகுரொட்டொபொஸ், மெத்தமிடொபொஸ் ஆகியவை 1995 ஆம் ஆண்டிலும், எண்டோசல்பான் 1998 ஆம் ஆண்டிலும், பராகுவாட், டைமெத்தோயேட், பென்தியன் ஆகியவை 2008 முதல் 2011 வரை படிப்படியாகவும் விலக்கப்பட்டன. அதன் பின்னர் அவ்விறப்புகள் பெரிதும் குறைந்தன. இப்போது விற்பனையாகும் மருந்துகளும் லேபிளிற் குறித்த பயிருக்கும் அளவுக்குமே உரியவை. பூச்சாடிக்கோ, சொல்லப்போனால், அவை தேவைப்படுவதுமில்லை. நூறு செடிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது கடினம். ஐந்து சாடிகளைப் பார்ப்பதில் என்ன சிரமம்?

முதலிற் செய்யவேண்டியது, இலை எவ்வாறு தின்னப்பட்டுள்ளது என்பதை நோக்குவதே. ரோசா இலையின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் அரைவட்டமாக இருப்பின், அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அது இலையைத் தின்பதில்லை. தன் கூட்டறைகளுக்கு உறையிடவே துண்டுகளைக் கொண்டு செல்கின்றது. பயற்றை, துவரை முதலியவற்றின் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் நண்பன் அது. அதனை ஒன்றும் செய்யாது விடுக.

இலையின் அடிப்புறம் சுரண்டப்பட்டு, நரம்புகளும் கண்ணாடி போன்ற மெல்லிய தோலும் மட்டும் எஞ்சியிருப்பின், பெரும்பாலும் வெட்டுப்புழுவே அங்கு வந்துள்ளது. இப்புழுவைக் குறித்து விரிவாகக் கூறவேண்டியுள்ளது. ஏனெனில் ரோசாவையும் செவ்வந்தியையும் தின்னும் இதே புழுதான் உங்கள் தக்காளி, மிளகாய், கோவா ஆகியவற்றையும் தின்பது. இதன் தாய் அந்துப்பூச்சி இரவில் வந்து, இலையின் அடியில் 200 முதல் 300 வரையான முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, மேலே கபில நிற மயிர்களால் மூடிவிடும். மூன்று நான்கு நாட்களில் வெளிவரும் குஞ்சுப் புழுக்கள் முதலிற் சில நாட்கள் ஒரே இலையில் கூட்டமாக இருக்கும். கமக்காரருக்கு வாய்ப்பான காலம் இதுவே. அந்த ஓர் இலையைக் கிள்ளிச் சவர்க்கார நீரில் அமிழ்த்தினால் அக்கூட்டம் முழுவதும் ஒழிந்துவிடும். தவறவிட்டால், புழுக்கள் பிரிந்து, பகலிற் சாடியின் மண்ணிலும் சாடிக்கு அடியிலும் ஒளிந்திருந்து, இரவில் ஏறித் தின்னும். பகலில் எவ்வளவு தேடினும் புழு அகப்படாமைக்குக் காரணம் இதுவே. இரவு எட்டு மணிக்குப் பின் டோச் லைட்டுடன் சென்று பொறுக்குக.

வளர்ந்த புழு சாடி மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய பத்து நாளில் அந்துப்பூச்சியாகப் பறக்கும். அது முட்டையிட நாடும் இடம் அயலிலுள்ள மிளகாய் நாற்றுமேடையாகவும் இருக்கலாம். ஆகவே சேதமுற்ற சாடியின் மேல்மண்ணை இரண்டு அங்குல ஆழத்துக்கு வேர் அறாமற் கிளறி, செங்கபில நிறக் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கி அழித்தல் வேண்டும். கோழிக்குப் போட்டாலும் நன்றே.

சாடியில் வளரும் எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றில் பறவை எச்சம்போல் தோன்றுவது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. கையால் எடுத்தல் போதும். வெட்டுக்கிளியை, குளிரால் அது மந்தமாயிருக்கும் அதிகாலையிற் பிடிக்கலாம். 2020 ஆம் ஆண்டு கேகாலை மாவட்டத்து மாவனெல்லைப் பகுதியில் மஞ்சட்புள்ளி வெட்டுக்கிளி பெருகியபோது, அவ்வாண்டு ஆபிரிக்காவையும் இந்தியாவின் இராசத்தானையும் தாக்கிய பாலைவன வெட்டுக்கிளியே வந்துவிட்டதென மக்கள் அஞ்சினர். அது இத்தீவிற் பன்னெடுங்காலமாக வாழும் வேறோர் இனமாகும்.

கையாற் பொறுக்கி அடங்காவிடின், வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, சீலையிற் கட்டி, 1 லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவிட்டுப் பிழிந்து வடிக்குக. சிறிது சவர்க்காரம் கரைத்துச் சேர்த்து, முதலில் ஓர் இலையிற் பரீட்சித்து, இலை கருகாதாயின் மறுநாள் மாலை இலையின் இருபுறமும் படும்படி விசிறுக. வெயில் இதன் வலுவைக் கெடுக்கும், மழை கழுவிவிடும். ஆகவே பெரும்போக மழைக்காலத்தில் வாரத்துக்கொரு முறை விசிறவேண்டி வரும். இது புழுவை உடனே கொல்வதன்று. தின்பதை வெறுக்கச் செய்து, தோலுரிப்பதையும் தடுப்பது. மறுநாளே புழு இறக்கவில்லையென்று மனஞ்சோர வேண்டாம். முதிர்ந்த புழுவில் இது அவ்வளவாகப் பலிக்காது. தம்புள்ளை, கலேவெல, நாவுல போன்ற உலர்ந்த பகுதிகளில் வேம்பு தாராளமாகக் கிடைக்கும். இரத்தோட்டை மலைச்சாரலில் உள்ளோர் அங்கிருந்து கொட்டையைப் பெற்று, நிழலில் உலர்த்திச் சேமித்துக்கொள்க.

இவ்வளவும் செய்த பின்னும் இலை தின்னப்படுமாயின், அகப்பட்ட பூச்சியை மூடியுள்ள போத்தலில் இட்டு, தின்னப்பட்ட இலையொன்றையும் உடன்கொண்டு, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.