பழைய அம்பாஸிடர் ஏன் கிளம்ப மறுக்கிறது?

அம்பாஸிடர் காரை அறியாதார் யார்? இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இவ்வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும் தாத்தா காலத்து வண்டியை விற்க மனமின்றிப் பேணி வரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்த வண்டி ஒருநாள் கிளம்ப மறுத்தால், பேட்டரி போய்விட்டது என்பார் ஒருவர். காயில் என்பார் மற்றவர். இரண்டையும் மாற்றிப் பணத்தைக் கரைத்த பின், தளர்ந்து கிடந்த ஓர் ஒயரே காரணம் என்று தெரிய வரும். நல்ல பாகங்களைக் கழற்றி எறியாமல் கோளாற்றைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை நாம் இங்கே காண்போம். 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய பழைய வண்டியையே எடுத்துக்கொள்வோம்.

எஞ்சின் ஓட மூன்று வேண்டும். முதலில் அதைச் சுழற்றிவிட வேண்டும். பிறகு தக்க நேரத்தில் தீப்பொறி. அதோடு காற்றில் கலந்த பெட்ரோல். நம் சோதனையும் இதே வரிசையில் செல்லட்டும்.

'செல்ஃப்' எடுக்கவில்லையா? முன்விளக்கைப் போட்டுவிட்டு மீண்டும் முயல்வோம். விளக்கு மங்கி அணைவது போலானால், பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது அதன் முனைகளில் பூத்த வெண்பச்சை உப்பு மின்சாரத்தைத் தடுக்கிறது. விளக்கு சற்றும் மங்கவில்லையெனில் ஸ்டார்ட்டருக்கு மின்சாரமே போகவில்லை என்று பொருள். முனைகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினால் பாதி வண்டிகள் கிளம்பிவிடும் என்பது மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு. எஞ்சினை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் பட்டையைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அதையும் பார்க்க வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையெனில் தீப்பொறியைத் தேடுவோம். இங்கேதான் நம் பௌதிகப் பாடம் கைகொடுக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே காயிலின் உள்ளே நடக்கிறது. பேட்டரி தருவது 12 வோல்ட். பிளக்கில் பொறி பாய்வதற்கோ பல ஆயிரம் வோல்ட் தேவை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்னும் சிறு இணைப்பு மூடும்போது பொறி வருகிறது என்றே நம்மில் பலர் நினைப்போம். உண்மை இதற்கு நேர்மாறு! அது திறந்து மின்சாரம் சட்டென்று அறுபடும் கணத்தில்தான் காயிலில் உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது இது நொடிக்கு 100 தடவை நிகழ்கிறது என்றால் வியப்பாக இல்லையா? அதனால்தான் பாயிண்டின் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் என்று அளவாக இருக்க வேண்டும். முகம் கருகியிருந்தால் மெல்லத் தேய்த்துத் துடைக்கலாம். மழைக்காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியினுள் ஈரம் கோத்திருக்கும். உலர்ந்த துணியே அதற்கு மருந்து.

பொறியைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரில் மாட்டி, எஞ்சினின் இரும்பைத் தொடும்படி வைத்துச் செல்ஃப் அடித்தால் நீல நிறத்தில் பளிச்சென்று பாய வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். ஒயரை வெறுங்கையால் பிடிக்கவே கூடாது. பக்கத்தில் பெட்ரோலும் இருக்கக்கூடாது.

கழற்றிய பிளக்கே அடுத்த செய்தியையும் சொல்லிவிடும். அது நனைந்து பெட்ரோல் வாடை வீசினால் எரிபொருள் அளவுக்கு மீறி வந்திருக்கிறது. சோக்கை உள்ளே தள்ளிச் சற்றுப் பொறுத்தால் போதும். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. டாங்கில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நலம், ஏனெனில் பழைய வண்டியின் முள்ளை நம்புவதற்கில்லை. அதன்பின் வடிகட்டி, பம்பு, கார்புரேட்டர் என்று குழாய் வழியே தொடர்ந்து போகலாம்.

சிலர் அவசரத்தில் கார்புரேட்டரின் வாயில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்புவார்கள். தோழியரே, இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். எஞ்சின் பின்வாங்கி ஒருமுறை தும்மினால் நெருப்பு மேலே பாயும். ஊற்றுகிறவரின் முகம் அங்கேதான் இருக்கிறது.

கோடையில் ஓடி நின்ற வண்டி மறுபடி கிளம்பவில்லையெனில் எந்தப் பாகமும் கெட்டிருக்க வேண்டியதில்லை. வெப்பத்தில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிப் பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கும். பழைய டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஒரு டீ குடிக்கப் போவது இதனால்தான். 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. அதைக் கருதிச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும் பம்பின் சவ்வும் இதில் உப்பி, வெடித்துப் போகலாம். தாத்தாவின் வண்டியில் அவை எப்போது மாற்றப்பட்டன என்று கேட்டுப் பாருங்கள்.