குதிரைச் சவாரிக்களம்: மணலுக்கு அடியில்

விடுமுறை நாளில் போர்டிக்சன் தெலுக் கெமாங் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நம்மில் பலர், அங்கே மணலில் குதிரைகள் நடப்பதைப் பார்த்திருப்போம். சவாரி பழகுவதற்கு ஒரு களம் அமைக்க வேண்டுமானால், அந்த மணலையே நாலு லாரி அள்ளிக் கொட்டினால் போதாதா என்று தோன்றும். போதாது.

அலை நனைத்து இறுக்கிய மணல், ஈரம் உள்ளமட்டும்தான் காலைத் தாங்கும். அள்ளிவந்து காய்ந்துவிட்டால், அலையில் உருண்டு உருண்டு வழவழப்பான அதன் மணிகள் கோலிக்குண்டுபோல நழுவும். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை அதில் வளைந்து திரும்பினால் கால் வழுக்கும். தசைநார் பிசகினால் மாதக்கணக்கில் லாயத்தில் நிற்கவேண்டியதுதான். மேலே இருக்கும் பிள்ளையின் கதி என்ன? உப்பு வேறு குளம்பை உலர்த்தும், இரும்பை அரிக்கும். கழுவிய கூர்மணலின் மணிகளோ ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

மணலைவிடப் பெரிய கவலை தண்ணீர். ஒலிம்பிக்கில் குதிரை நடைப்பயிற்சிப் போட்டிக்குரிய களம் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். அதன்மேல் ஓர் அங்குலம் மழை பெய்தால் சேரும் நீர் 30,000 லிட்டர்! நம் பக்கத்து மாலை மழைக்கு ஓர் அங்குலம் ஒரு பொருட்டா? பால்மரக்காட்டில் கான் வெட்டியவர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டு நிலமாகப் பார்த்து, மேல்மண்ணை வழித்து, 100 அடிக்கு 1 அடி வீதம் சரிவு வைத்து, சுற்றிலும் கான் வெட்டவேண்டும். மேலே உடைகல்லை 6 அங்குலம் பரப்பி, உருளை ஓட்டி இறுக்கவேண்டும். கல்லும் மணலும் கலவாதிருக்க நடுவே நீர் இறங்கும் துணிவிரிப்பு. அதன்மேல்தான் மணல், இரண்டரை அங்குலம். அதற்கே ஏறக்குறைய 75 கனமீட்டர் பிடிக்கும். ஆழம் கூடினால் நல்லது என்பார்கள் சிலர். நாம் சேற்றில் நடந்து பார்த்தால் குதிரையின் பாடு தெரியும்.

நீளப்பக்கம் வடக்கு தெற்காக இருந்தால் காலை, மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்காது. வேலிக்கு முள்கம்பி கூடவே கூடாது. பலகையைக் கம்பத்தின் உட்புறம் அடித்தால், சவாரி செய்பவரின் முழங்கால் கம்பத்தில் இடிக்காது.

களத்தில் விழும் லத்தியை அன்றாடம் அள்ளவேண்டும். விட்டுவைத்தால் அது மக்கித் தூளாகி, மணலின் இடுக்கை அடைத்துவிடும்; போட்ட சரிவும் கல்லும் வீண். அள்ளியதைக் குழியில் மக்கவைத்தால் லயத்துக் கத்தரிச் செடிக்கு நல்ல எரு.