நீளமான படகைவிடக் குட்டைப் படகு கனமாக இருப்பது ஏன்?

வெஸ்ட்செயில் 32, கேல் 40. இரண்டுமே அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்த பழைய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகுகள். முதலாவதன் நீளம் 32 அடி, எடை சுமார் 9 டன். இரண்டாவது 39 அடிக்கு மேல். ஆனால் 7 டன்கூட இல்லை!

விடை தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

அண்டா நீரில் ஒரு தாம்பாளத்தையும், பாதி நிரப்பிய செம்பையும் மிதக்க விடுங்கள். விரலால் தட்டினால் தாம்பாளம் வழுக்கி ஓடும். செம்பு அசைந்து கொடுக்காது. ஆழமாக அமிழ்ந்திருப்பதால் அது நிறைய நீரை ஒதுக்கியாக வேண்டும்.

கேல் 40 தாம்பாள ஜாதி. வடிவமைத்தவர் பில் லாப்வொர்த். அடிப்பாகம் தட்டை, நடுவில் குட்டையான கீல் (படகுக்கு அடியில் துடுப்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம்), பின்னால் தனியாகச் சுக்கான். பின்காற்று பலத்தால் அலைமேல் ஏறிச் சறுக்கும். லாஸ் ஏஞ்சலிஸ்–ஹவாய் பந்தயத்தை 1965, 1967, 1969 என மூன்று முறை தொடர்ந்து வென்றது இந்த ரகம்தான்.

வெஸ்ட்செயில் செம்பு ஜாதி. அதில் கீல் ஏறத்தாழ முழு நீளத்துக்கும் ஓடுகிறது. சட்டென்று திரும்பாது, விட்ட திசையிலேயே போகும். 1991-இல் அடித்த ஒரு பெரும் புயலில் சட்டோரி என்ற வெஸ்ட்செயிலிலிருந்து ஆட்களை மீட்டுவிட்டார்கள். ஆளில்லாத படகோ பின்னர் அதிகச் சேதமின்றிக் கரை ஒதுங்கியது!

படகிலேயே குடித்தனமா? குடிநீர், அரிசி, கருவிகள் என அரை டன் ஏற்றிப் பாருங்கள். கனத்த படகு கண்டுகொள்ளாது. லேசான படகின் வேகம் அங்கேயே குறையும். எனக்கென்றால் வெஸ்ட்செயில்தான், பந்தய நாள் தவிர.