வளைக்கும்போது முறியும் கம்பி: யாரிடம் கேட்பது?

தளத்துக்குக் கம்பி வளைக்கும்போது ஒன்று பட்டென்று முறிகிறது. வீட்டுக்காரர் கேட்டால், "ஒண்ணு ரெண்டு அப்படித்தான் சார் வரும்" என்று கடைக்காரர் சமாளிப்பார். தரமான கம்பி அப்படி வரக் கூடாது.

கோளாறின் வேர் பெரும்பாலும் ஆலையின் தொடர் வார்ப்பில் இருக்கிறது. சுமார் 1,550 டிகிரி செல்சியஸில் உருகிய எஃகு, தண்ணீரால் குளிர்விக்கப்படும் செப்பு அச்சுக்குள் இறங்குகிறது. ஓரம் முதலில் உறைந்து ஓடாகிறது. நடுப்பகுதி கடைசிவரை குழம்பாகவே இருக்கிறது. உறையும் எஃகு தன்னிடமுள்ள கார்பன், கந்தகம், பாஸ்பரஸ் ஆகியவற்றில் ஒரு பகுதியை மிச்சக் குழம்புக்குள் தள்ளிவிடும். இப்படி ஒதுங்கியவை, உறைந்து வரும் நீண்ட எஃகுக் கட்டையான பில்லட்டின் நட்டநடுவில் ஒரு கோடாகச் செறிகின்றன. பில்லட்டை உருட்டிக் கம்பியாக்கும்போது அந்தக் கோடும் சேர்ந்தே நீள்கிறது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

குழம்பை அளவுக்கு மீறிச் சூடாக ஊற்றினாலோ, உற்பத்தியைக் கூட்ட பில்லட்டை வேகமாக இழுத்தாலோ ஓடு மெலியும். நடுவில் ஒதுங்குவதும் அதிகமாகும். வளைந்து இறங்கும் பில்லட் 700 முதல் 900 டிகிரி வரையான சூட்டில் இருக்கையில் நிமிர்த்தினால் குறுக்கு விரிசல் விழலாம். ஸ்கிராப்போடு கலந்து வரும் செம்பும் மேற்பரப்பைக் கீறிவிடும். சிறிய ஆலைகள் பயன்படுத்தும் இண்டக்‌ஷன் உலை ஸ்கிராப்பை உருக்குமே தவிர, பாஸ்பரஸைப் பெரிதாக நீக்காது. ஸ்கிராப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காத ஆலையின் கம்பியில் அந்த அழுக்கு அப்படியே தங்கும்.

இதற்கு வரம்பு கட்டுவதுதான் ஐஎஸ் 1786 தரநிலை. எஃப்இ 500 கம்பியில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்து 0.105 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எஃப்இ 500டி என்றால் 0.075 தான். முறிவதற்கு முன் கம்பி நீள வேண்டிய குறைந்தபட்ச அளவு முன்னதற்கு 12 சதவீதம், பின்னதற்கு 16. நிலநடுக்கத்தில் கட்டடம் சட்டென்று சரியாமல் தாங்குவதற்கு இந்த நெகிழ்வு முக்கியம். விலை கேட்கும்போதே 'டி' ரகமா என்று கேட்டுவிடுவது நல்லது.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டிஎம்டி கம்பியை விற்பது குற்றம். கட்டின் அட்டையில் உள்ள சிஎம்/எல் எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வார்ப்பு எண் குறித்த ஆலைச் சோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்கலாம். அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டால் எந்த வார்ப்பில் கோளாறு என்பதை நிறுவுவது கடினம்.

புகாருக்கு முதல் படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீடு இருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. தேவைப்பட்டால் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையமே உத்தரவிடும். குறையுள்ள கம்பியால் ஆளுக்கோ கட்டடத்துக்கோ சேதம் நேர்ந்தால் உற்பத்தியாளரும் பொறுப்பேற்க வேண்டும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதும் தெரிந்ததுதான்: "வளைத்த ஆளின் தப்பு." மிக மெல்லிய முளையைச் சுற்றி வளைத்தாலோ, அடுப்பில் காய்ச்சி வளைத்தாலோ நல்ல கம்பியும் கெட்டுப்போகும் என்பதால் இந்த வாதத்தைத் தள்ளிவிடவும் முடியாது. ஆகவே முறிந்த துண்டோடு, வளைக்காத கம்பி சிலவற்றையும் அதே கட்டிலிருந்து தனியே எடுத்துவைக்க வேண்டும். எல்லாவற்றையும் தளத்தில் போட்டு கான்கிரீட் ஊற்றிவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது.