அடைக்கலம் தேடி வருபவளைத் திருப்பி அனுப்பாதீர்கள்



வீங்கிய கன்னத்துடன், கைக்குழந்தையைச் சுமந்தவளாக ஒரு பெண் தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். தாய் அழுகிறாள். தகப்பனார் மௌனமாகிறார். இரண்டு நாட்கள் கழிந்ததும் பெரியவர்கள் கூடி, "ஸப்ரு செய்யம்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறி அதே வீட்டிற்கு அவளை அனுப்பி வைக்கின்றனர். அடித்தவனுக்கு ஓர் உபதேசமும் இல்லை. நமது மஹல்லாக்களில் இது புதிய காட்சியா?

நபி (ஸல்) அவர்களின் வாசலுக்கும் இப்படி ஒரு பெண் வந்தார். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்கள் தம் மனைவி ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களை அடித்ததில் உடலில் முறிவு ஏற்பட்டது என்றும், ஸுப்ஹுக்குப் பின் அவர் வந்து முறையிட்டார் என்றும் அபூதாவூதில் காண்கிறோம். ஸாபித் (ரலி) சாதாரணமானவர் அல்லர். அன்ஸாரிகளின் பேச்சாளர் என்று புகழ்பெற்றவர். அந்தப் புகழ் அங்கே குறுக்கே வரவில்லை. மஹராகக் கொடுத்த இரண்டு தோட்டங்களையும் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடுமாறு நபியவர்கள் அவருக்குக் கட்டளையிட்டார்கள். ஹபீபாவை நோக்கி, 'திரும்பிப் போய்ப் பொறுத்துக்கொள்' என்று சொல்லவில்லை.

"வீட்டு விஷயத்தை வெளியே சொல்வது புறம் பேசுவதாகாதா?" என்று நமது பெண்களே அஞ்சுகின்றனர். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, அபூஜஹ்ம் தோளிலிருந்து கம்பைக் கீழே வைக்காதவர் என்று நபியவர்களே வெளிப்படையாக எச்சரித்தார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவது புறத்தில் சேராது என்று இமாம் நவவீ (ரஹ்) தெளிவுபடுத்தியுள்ளார்கள். ஆகவே அவளுடைய வாயை அடைக்க மார்க்கத்தைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

அந்நிஸா அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தைச் சிலர் உரிமைச் சீட்டைப் போல் நீட்டுகின்றனர். (ஐவேளைத் தொழுகைக்கு வராதவருக்கும் இந்த ஒரு வசனம் மட்டும் மனனமாக இருப்பது வியப்புத்தான்!) தாபியீன்களில் பெரும் அறிஞரான அதா பின் அபீரபாஹ் (ரஹ்), மனைவி மாறு செய்தாலும் கணவன் கோபம் கொள்ளலாமே தவிர அடிக்கலாகாது என்றார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிப்பதோ, நபியவர்கள் எந்தப் பெண்ணையும் பணியாளரையும் தம் கரத்தால் அடித்ததே இல்லை என்பதாகும்.

நாட்டின் சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. அடி மட்டுமல்ல, இழிசொல்லும் செலவுக்குத் தராமல் வதைப்பதும் அதில் வன்முறையே. வீடு கணவன் பெயரில் இருந்தாலும் அவள் அதில் வசிக்க உரிமையுண்டு. அண்டைவீட்டாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தந்தவர் மீது வழக்குப் பாயாது. மணவிலக்கு வேண்டுபவளுக்கு 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் கொடுமையை ஒரு காரணமாக ஏற்கிறது. அவ்வழியில் மஹர் உரிமையும் பறிபோவதில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளே! அவள் பேசும்போது கணவனையோ மாமியாரையோ அருகில் அமர்த்தாதீர்கள். மார்க்கம் அறிந்த பெண்மணி ஒருவர் முதலில் கேட்கட்டும். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, 'வழுக்கி விழுந்தேன்' என்று கூறாமல் நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யத் துணை நில்லுங்கள். இரு தரப்பு நடுவர்களை வைத்துப் பேசுவது குர்ஆன் காட்டும் வழிதான். ஆனால் பேச்சு முடியும்வரை அவள் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், மாவட்ட சமூக நல அலுவலகத்தின் முகவரியையும் பெண்கள் தொழுமிடத்தின் சுவரில் எழுதி வையுங்கள். நிகாஹ் தஃப்தரின் நகலை அவள் கேட்டால், கணவனின் சம்மதத்திற்குக் காத்திராமல் அன்றே கொடுத்துவிடுங்கள்.