இமையில் வீக்கம், விரலில் வினை

உடம்பு வழக்கு – 11

சிதம்பரம் பக்கத்து வீடுகளில் யாருக்காவது அரிப்பு என்றால் முதலில் தள்ளிவைக்கப்படுவது கத்தரிக்காய். சம்பா சாதத்துக்குக் கொத்சு இல்லாமல் சரிப்படாத ஊரிலேயே இந்தக் கதி. அடுத்து கருவாடு போகும். பிறகு முட்டை, கடலூர் முதுநகரிலிருந்து வரும் இறால், நண்டு. பலாப்பழக் காலமாக இருந்தால் பண்ருட்டிப் பலாவுக்கும் தடை விழும். ஒரு மாதம் ரசமும் சுட்ட அப்பளமுமாகப் பத்தியம் இருந்த பிறகும் காலையில் கண்ணாடியைப் பார்த்தால் இமை தடித்திருக்கும், உதட்டோரம் எரியும், தோல் செதில் செதிலாக உரியும். கடைசியில் "யார் கண்ணு பட்டுதோ" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள்.

கத்தரிக்காய் மீதான பழி முழுப் பொய் அல்ல. அது சிலருக்கு உண்மையாகவே ஒவ்வாது என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கூடவே, கத்தரிக்காயில் இயல்பாக உள்ள ஹிஸ்டமின், தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் ஒவ்வாமை இல்லாதவரையும் இருப்பவர்போல் காட்டிவிடலாம் என்றும் எச்சரித்தார்கள். நாம் கவனிக்க வேண்டியது நேரத்தை. உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் தன்னைக் காட்டிவிடும். தடிப்பு எழும், வீங்கும், ஒரு நாளில் சுவடில்லாமல் வடியும். தோல் சிவந்து, சொரசொரத்து, உரிந்து, வாரக்கணக்கில் நிற்பது வேறு வகை. அது தொட்டதால் வருவது. தொட்ட உடனேயும் வராது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் வரும். புதன்கிழமை இமை வீங்கினால் நாம் செவ்வாய் ராத்திரிச் சாப்பாட்டை நோண்டிக்கொண்டிருப்போம். காரியம் திங்கட்கிழமையே முடிந்திருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "பத்து வருஷமா இதே சோப்பு, இதே பவுடர்தான் போடறேன், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். பத்து வருடம் ஒத்துப்போன பொருள் பதினோராம் வருடம் ஒவ்வாமல் போவதுதான் இந்த நோயின் குணமே. உடம்பு ஒரு வேதிப்பொருளை எதிரி என்று பழகிக்கொள்வதற்குக் காலம் பிடிக்கும். பழகிவிட்டால் எளிதில் மறக்காது.

இமைத் தோலின் தடிமன் அரை மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே மெல்லிய தோல் அதுதான். உள்ளங்கையோ தடித்தது. ஆகவே கையில் பட்ட பொருள் கையை விட்டுவிட்டு இமையில் வேலையைக் காட்டும். நகப்பூச்சு இதற்குப் பாடப்புத்தக உதாரணம். நகத்தைச் சுற்றி ஒரு பொட்டு சிவப்பு இருக்காது. ஈரம் காயாத நகத்தால் கண்ணைத் தேய்த்தவருக்கு இமை மட்டும் வெந்து நிற்கும். தலைச்சாயமும் அப்படித்தான். அதிலுள்ள பாரா-பினைலின்டயமின் என்ற பொருள் ஒத்துக்கொள்ளாதவருக்கு, சாயம் பூசிய உச்சந்தலை சும்மா இருக்க, மறுநாளோ அதற்கடுத்த நாளோ நெற்றியும் இமையும் கண்ணே திறக்க முடியாமல் வீங்கும். டப்பாவில் 'மூலிகை' என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். கல்யாண வீட்டில் சட்டென்று கருப்பாகப் பிடிக்கிறதே ஒரு 'மருதாணி', அதிலும் பெரும்பாலும் இதுதான். அரைத்த பச்சை மருதாணி யாரையும் அவ்வளவு எளிதில் படுத்துவதில்லை.

கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது முந்திரியை விட்டுவிட முடியாது. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம். பண்ருட்டி, காடாம்புலியூர், விருத்தாசலம் வட்டாரத்துச் செம்மண்ணில் காடாகவே மண்டியிருக்கிறது. விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் முந்திரியில் தனி ரகங்களே வெளியிட்டிருக்கிறது. பருப்பு சாது. வம்பெல்லாம் ஓட்டில். முந்திரிக்கொட்டையின் ஓடு இரண்டு அடுக்கு. நடுவில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள், அவற்றில் பிசுபிசுவென்று பழுப்பு எண்ணெய். அனகார்டிக் அமிலம், கார்டால் என்று அதில் தோலைப் பதம்பார்க்கும் பொருள்கள் இருக்கின்றன. வண்டி பிரேக் கட்டைக்கும் பெயின்டுக்கும் போகிற எண்ணெய் அது.

கொட்டை உடைக்க உட்காரும் பெண்கள் முதலில் கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொள்வார்கள். அப்படியும் விரல் நுனி கருத்துப்போகும், நகக்கண்ணில் கறை ஏறும். உள்ளங்கைத் தோல் வருடக்கணக்கில் காய்த்துப்போனதால் தாங்கிக்கொள்ளும். நடுவில் வியர்வையைப் புறங்கையால் துடைப்பார்கள், கண்ணைக் கசக்குவார்கள், வெற்றிலை போடுவார்கள். எண்ணெய் அந்த வழியில் இமைக்கும் உதட்டுக்கும் ஏறிவிடும். சாயங்காலம் கை கழுவுவதில் இருக்கிற அக்கறை, வேலைக்கு நடுவில் முகத்தைத் தொடும் முன்னால் இருப்பதில்லை. இருக்கவும் முடியாது, கிலோ கணக்கில் கூலி. முந்திரிக்காட்டுப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். பச்சைக் கொட்டையைச் சருகில் போட்டுச் சுட்டுக் கல்லால் தட்டி, ஆறும் முன் பல்லால் கடித்தால் வாய் வெந்துபோகும். உதட்டில் எழுந்த கொப்புளம் அடங்க ஒரு வாரம் ஆகும்.

இது நம்மூர்க் கூலிக்காரர் பாடு மட்டுமல்ல. 1982-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சிறுவர் பேஸ்பால் சங்கத்துக்கு நிதி திரட்ட மொசாம்பிக் முந்திரியைப் பொட்டலம் போட்டு விற்றார்கள். பருப்போடு ஓட்டுத் துணுக்குகளும் கலந்திருந்தன. வாங்கித் தின்றவர்களில் 54 பேருக்கு உடம்பெல்லாம் அரிப்பும் சிவப்பும். சிலருக்கு வாயிலும் கொப்புளம். தின்ற உடனே வரவில்லை, ஓரிரு நாள் கழித்து வந்தது. அதனால்தான் முந்திரியைச் சந்தேகிக்கவே நேரமானது.

மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்க் காம்பை ஒடித்ததும் பீச்சியடிக்குமே பால், அதிலும் தோலிலும் இருப்பது முந்திரி எண்ணெய்க்குச் சொந்தக்காரப் பொருள்தான். ஆகவே ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மாம்பழத்தைத் தோலோடு கடித்துச் சப்புகிறவருக்கு உதட்டைச் சுற்றி வட்டமாகப் புண் வந்தால் பழத்தின் மேல் கோபப்பட வேண்டாம். வேறு யாராவது கழுவித் தோல் சீவிக் கொடுத்தால், பெரும்பாலானோர் சதையை நிம்மதியாகத் தின்னலாம். சேராங்கொட்டைச் சாற்றால் சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி வைப்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, அந்தக் குறி உடம்பில் பட்ட இடத்தில் மட்டும் தோல் வெந்தது. ராணுவ மருத்துவர்கள் முதலில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

கையால் தொடாமல் காற்றில் வருவதும் உண்டு. 1950-களில் புனேயில் முதலில் கண்ணில் பட்ட பார்த்தீனியம் இன்று புறவழிச்சாலை ஓரமும் ரயில் தண்டவாளத்தின் இரு பக்கமும் காலி மனை எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. காய்ந்து தூளானதும் காற்றோடு வந்து இமையில் உட்காரும். சாமந்தியும் அதே குலம். சந்நிதித் தெருவில் நாள் முழுக்கச் சாமந்தி தொடுப்பவருக்கு விரலும் இமையும் ஒன்றாக அரித்தால் அங்கேயும் தேட வேண்டும். வெயிலால் வந்ததா, காற்றால் வந்ததா என்று பிரிக்கத் தோல் மருத்துவர்கள் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். வெயில் படாத இடங்கள் மூன்று: மேலிமையின் மடிப்பு, காதின் பின்புறம், மோவாயின் அடிப்பக்கம். வெயிலால் வந்தது அவற்றை விட்டுவைக்கும். காற்றில் வரும் தூசு அங்கேயும் புகுந்துவிடும்.

உதட்டுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. பற்பசையில் வாசனைக்குச் சேர்க்கும் புதினா, லவங்கப்பட்டைச் சாரங்கள், உதட்டுச்சாயம், உதடு வெடிக்காமல் இருக்கப் பூசும் களிம்பு, ஓயாமல் உதட்டை நக்கும் பழக்கம். சாக்ஸபோன், கிளாரினெட் வாசிப்பவர்களுக்கு நாணல் சீவாளியால் உதட்டில் அழற்சி வந்த பதிவுகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. அண்ணாமலை நகர் இசைக் கல்லூரியில் நாதஸ்வரம் பயில்கிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தடவையும் உதட்டில் அதே இடத்தில் புண் வந்து, ஆறியதும் கருத்த தழும்பு நின்றால், அது பெரும்பாலும் மாத்திரையின் கைவரிசை. காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு, சிறுநீர்க் கடுப்புக்கு என்று நாமே வாங்கிப் போட்ட மாத்திரை எது என்று யோசிக்க வேண்டும்.

அரிப்பே இல்லாமல் உதடோ இமையோ மெத்தென்று வீங்குவது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் குவிங்கே விவரித்த வீக்கம் இது. எனாலாபிரில், ராமிபிரில் என்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு இதைத் தரும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நல்லபடியாகச் சாப்பிட்ட பிறகும் தரும். அலர்ஜி மாத்திரைக்கு அது அடங்காது. மருத்துவரிடம் சொல்லி ரத்த அழுத்த மாத்திரையையே மாற்ற வேண்டும். எந்தக் காரணத்தால் வந்த வீக்கமானாலும் நாக்கு தடித்தால், குரல் மாறினால், மூச்சு திணறினால் வேறு யோசனை வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி மருந்துக்கடை.

"தம்பி, கண்ணு இமை வீங்கியிருக்கு. எதாவது ஆயின்மென்ட் குடுப்பா."

"இதப் போடுங்கக்கா, ரெண்டே நாள்ல வடிஞ்சிரும்."

அவர் சொன்னது பலிக்கும், அதுதான் ஆபத்து. அந்தச் சின்ன டியூபில் ஸ்டீராய்டு, பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று என்று மூன்றும் கலந்திருக்கும். விட்டதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும், மறுபடி டியூப். மாதக்கணக்கில் இமையில் தடவினால் கண்ணின் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். சில டியூப்களில் உள்ள நியோமைசினே ஒவ்வாமைக்குப் பேர்போனது. ஆக, மருந்தே இரண்டாவது குற்றவாளி. 2018-இல் மத்திய அரசு பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடை மேசையில் அந்த ஆணைக்கு என்ன மரியாதை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, என்னதான் செய்வது? எழுதுங்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஈச்சங்காடு, குடிகாடு போன்ற கிராமத்து மக்கள் 2004-இல் தாங்களே கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். எத்தனை மணிக்கு என்ன நாற்றம், காற்று எந்தப் பக்கம், கண் எரிந்ததா, தொண்டை கமறியதா என்று பதிந்தார்கள். வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவர்களுடையது ஒவ்வாமை அல்ல, தெருவே எரிச்சல்படும் விவகாரம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் வந்தால் ஒவ்வாமையைத் தேடு, தெருவுக்கே வந்தால் காற்றைத் தேடு என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் முறை ஒன்றுதான்: ஞாபகத்தை நம்பாமல் தேதியும் நேரமும் போட்டு எழுதுவது. வீங்கிய நாளுக்கு முந்தைய மூன்று நாளில் முகத்தில், தலையில், கையில் பட்டது அத்தனையும். கணவரின் ஷேவிங் லோஷன்கூட மனைவியின் கன்னத்துக்கு வரும், அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள்.

எழுதும் காலத்தில் முகத்துக்கு வெறும் தண்ணீர், வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லி, எரிந்தால் ஈரத்துணி. மற்ற எல்லாவற்றுக்கும் விடுமுறை. அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க வேண்டும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு வாரமாவது விட்டு. பூசியபடியே விடும் கிரீம் மீது சந்தேகம் என்றால் முகத்தில் வேண்டாம். முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் தடவிப் பாருங்கள்.

அதிலும் பிடிபடாவிட்டால் ஒட்டுச் சோதனை. 1895-இல் யோசப் யாடசோன் என்ற தோல் மருத்துவர் தொடங்கிவைத்தது; அடிப்படை இன்றும் அதுவே. சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் விட்டு மறுபடி பார்ப்பார்கள். இந்தியாவுக்கென்று தொகுத்த வரிசையில் நிக்கல், குரோமேட், நியோமைசின், தலைச்சாயப் பொருள், வாசனைக் கலவை, பார்த்தீனியம் எல்லாம் உண்டு. ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் ரத்த அலர்ஜி சோதனை இந்த இடத்தில் உதவாது. அது உடனே வரும் வகைக்கானது, இரண்டு நாள் கழித்து வருவதை அது பார்ப்பதே இல்லை. அந்த நீளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பருப்பையும் பாலையும் நிறுத்தியவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

சோதனையிலும் விடை வராமல் போவது உண்டு. அதற்காக நோயாளி பொய் சொல்கிறார் என்றோ, எல்லாம் மனசுதான் என்றோ முடிவுகட்டுவது அநியாயம். வரிசையில் இல்லாத பொருளாக இருக்கலாம், வெறும் எரிச்சலாக இருக்கலாம், பிறவியிலேயே வறண்ட தோலாக இருக்கலாம். எளிமையான கவனிப்பிலேயே பலருக்கு வீரியம் குறைந்துவிடுகிறது.

கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம்தான். அதன் தோல் பிரிவு ஒட்டுச் சோதனை ஆய்வுகளை வெளியிட்டிருக்கிறது. சிதம்பரத்தார் முதலில் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் விசாரியுங்கள். ஒட்டிய பிறகு இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. சித்திரை வெயிலில் வியர்த்து வில்லை கழன்றுவிடும். அவசரமில்லை என்றால் மார்கழி, தையில் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது வீட்டில் உள்ள பற்பசை, சாயம், கிரீம், களிம்பு, கண்மை, மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு பையில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோங்கள். பிய்ந்த டியூபையும் விடாதீர்கள்.

(அடுத்த வாரம்: கவரிங் நகையும் கழுத்துக் கருமையும்)