சாதியின் பெயரால் வாக்குக் கேட்பதும் சாதிக் கொடுமையைப் பேசுவதும்

கன்னிவாடியில் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிடும் ஒருவரின் துண்டறிக்கை இவ்வாறு கேட்கிறது எனக் கொள்வோம்: “சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, பஞ்சமி நிலம் பிறர் கையில் இருக்கிறது. மீட்டெடுக்க வாக்களியுங்கள்.” இது சாதியின் பெயரால் வாக்குக் கேட்பதாகுமா? ஆகாது என்பதே என் கருத்து. ஆயினும் “தேர்தலில் சாதியைப் பேசினால் வழக்கு” என்னும் மிரட்டல் நம் தோழர்களுக்குப் புதிதன்று.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 123(3) பிரிவின்படி, மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் அடிப்படையில் வாக்களிக்குமாறோ வாக்களிக்காதிருக்குமாறோ வேண்டுவது ‘ஊழல் நடவடிக்கை’. வேட்பாளரோ, அவருடைய முகவரோ, அவர்களின் ஒப்புதலுடன் வேறொருவரோ செய்தால் மட்டுமே இது பொருந்தும். இது கைது செய்வதற்கான பிரிவும் அன்று. முடிவு வெளியான 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். மெய்ப்பிக்கப்பட்டால் வெற்றி செல்லாது, 6 ஆண்டுகள் வரை தகுதியிழப்பும் நேரலாம். (பகைமையைத் தூண்டுவது வேறு, அது 125-ஆம் பிரிவின்கீழ்த் தனிக் குற்றம்.) இத்தகைய தடை பேச்சுரிமையைப் பறிக்கவில்லை, பதவிக்குப் போட்டியிடுவதற்கான நிபந்தனையையே விதிக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் ஜமுனா பிரசாத் வழக்கிலேயே கூறிவிட்டது.

குழப்பம் பெருகியது 2017 ஜனவரி 2 அன்று. அபிராம் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகளில் நால்வர், வேட்பாளரின் சாதி மட்டுமன்று, வாக்காளரின் சாதியைச் சொல்லி வேண்டுவதும் தடைக்குள் வரும் என்றனர். சந்திரசூட் உள்ளிட்ட மூவர் மறுத்தனர். சாதியால் அநீதிக்குள்ளானோரின் குறைகளை வேட்பாளர் பேசவே கூடாதெனில் மக்களாட்சி வெறும் கருத்தாகச் சுருங்கிவிடும் என்பது அவர்களின் வாதம். என் மனம் அந்த மூவர் பக்கமே. ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பும் தடுப்பது வாக்குக்கான வேண்டுகோளைத்தான்; கொடுமையைப் பேசுவதை அன்று. “நம் சாதிக்காரருக்கே நம் வாக்கு” என்பதும் “இரட்டைக் குவளையை ஒழிப்போம்” என்பதும் ஒன்றல்ல.

இங்கு 1964-இன் குல்தார் சிங் தீர்ப்பு உதவும். பஞ்சாப் தேர்தல் சுவரொட்டியில் இருந்த ‘பந்த்’ என்ற சொல்லைக் காட்டிச் சீக்கிய மதத்தின் பெயரால் வாக்குக் கேட்டதாக வழக்கு வந்தது. சுவரொட்டியை முழுமையாக, தேர்தல் களத்தின் சூழலில் வைத்துப் படிக்க வேண்டும் என்ற நீதிமன்றம், அச்சொல் அகாலி தளத்தையே குறித்தது என முடிவு செய்தது. ஆகவே எழுதும்போதே கோரிக்கையைத் தெளிவாக எழுதுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாத அறிக்கை 127ஏ பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை உண்டு. இச்சிறு தவற்றுக்காக நல்ல அறிக்கை முடங்கக் கூடாது.

நமக்குக் கேடயமாகும் பிரிவுகளை எவரும் நினைவூட்டுவதில்லை. ஊர்விலக்கம் செய்வோம் என்று மிரட்டி வாக்கைத் திருப்புவது 123(2) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. பட்டியல் சாதியினரை வாக்களிக்க விடாமல் தடுப்பதும், வேட்புமனுவைத் திரும்பப் பெற மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எல்) பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1951-ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கே உரியது. வன்கொடுமைச் சட்டமோ பேரூராட்சித் தேர்தலுக்கும் பொருந்தும். புகார் எழுதுகையில் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, பதிவு ரசீதைக் கேட்டுப் பெறுங்கள்.